ஐலா கார் ஓட்டக் கற்ற குளிர்காலம்

அந்த ஒரே குளிர்காலத்தில் ஐலா நான்கு முறை காரைச் சாலையோரப் பள்ளத்தில் இறக்கினாள். நான்கு முறையும் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துப் போட்டவன் நான்தான். எங்கள் ஹொங்கவாராவில் பனி தள்ளும் வேலை என்னுடையது. இருபத்தாறு வீடுகள், பதினேழு கிலோமீட்டர் மண்சாலை, ஒரு ஏரி. பள்ளத்தில் விழுந்தவர்களை இழுப்பது அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த தொல்லை. வழக்கமாக வாய் வலிக்கத் திட்டிவிட்டுத்தான் இழுப்பேன். ஐலாவைத் திட்ட முடியாது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தன்னைத் திட்டி முடித்திருப்பாள்.

"வந்துட்டியா எஸ்கோ? ம், ஆரம்பி. கண்ண எங்க வச்சிருந்தேன்னு கேளு. பொடனியிலதான் வச்சிருந்தேன். போதுமா? இப்ப இழு."

இன்று அவள் ஓட்டுவதைப் பார்ப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். ஊர்க் கிழவர்களில் பாதிப் பேரைக் கண் டாக்டரிடமும் பல் டாக்டரிடமும் ஏற்றிப் போகிறவள் இப்போது அவள்தான். ஆனால் அப்போது அவளுக்கு ஐம்பத்தேழு வயது. ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் கிண்டிய கை அது. வேலைக்குக் கோடையில் சைக்கிளில் போவாள், குளிர்காலத்தில் காலால் உந்திப் போகும் சறுக்குவண்டியில் போவாள். கடைக்குப் போனால் மாவு மூட்டையை அதன் இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு வருவாள். ஏன் ஓட்டக் கற்கவில்லை என்று கேட்டால், "மரலாரி ஓட்டறவனக் கட்டிக்கிட்டு நான் எதுக்கு ஓட்டணும்?" என்பாள். அதில் பெருமை வழியும்.

பெருமைக்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் தௌனோவைப் போல் பனியில் ஓட்டியவன் இந்தப் பக்கத்தில் கிடையாது. முப்பத்து நான்கு வருடம் மரலாரியில் காட்டு மரம் ஏற்றிப் போனான். பின்னால் இழுவை வண்டியோடு, முழுப் பாரத்தோடு, இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே பின்வாங்கி நிறுத்திவிட்டுச் சிகரெட் பற்றவைப்பான். நானும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். சின்ன வயதில் அவன்மேல் எனக்குப் பொறாமை. பெரியவனான பிறகும் பொறாமைதான், காட்டிக்கொள்வதை மட்டும் நிறுத்தியிருந்தேன்.

அந்த வருடம் கோடையில் அவன் கால் வாசற்படியில் தட்ட ஆரம்பித்தது. செப்டம்பரில் டாக்டர் சொல்லிவிட்டார். தசைகள் ஒவ்வொன்றாகச் சாகும், முதலில் கால், அப்புறம் கை, கடைசியில் மூச்சு. குணமாக்க மருந்து கிடையாது. சீக்கிரமாகவும் நடக்கலாம், இரண்டு வருடமும் ஆகலாம்.

அக்டோபரில் நகராட்சியிலிருந்து ஒரு பெண் கையில் கோப்போடு வந்தாள். நல்ல பெண், வளைத்துப் பேசவில்லை. நகரம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். வாரம் ஒருமுறை சிகிச்சை. மூச்சு அடைத்தால் ஆம்புலன்ஸ் வருவதற்கு இந்தச் சாலையில் ஒரு மணி நேரம் ஆகும். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் தௌனோ கடைசிவரை வீட்டிலேயே இருக்கலாம், நர்ஸ் வந்து பார்த்துக்கொள்வாள். இல்லையென்றால் நகரத்தில் நீண்டநாள் நோயாளிகளுக்கான வார்டில் ஒரு கட்டில் பார்க்க வேண்டியதுதான்.

"நான் என் கட்டில்லதான் சாவேன்," என்றான் தௌனோ.

"சரி. அப்ப நான் ஓட்டறேன்," என்றாள் ஐலா. ஏதோ சாயங்காலத்துக்கு சூப் வைக்கிறேன் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாளாம்.

இப்போது என் பாவத்தைச் சொல்கிறேன். சொல்லாமல் இந்தக் கதையை எழுதுவதில் அர்த்தமில்லை.

எங்கள் பக்கத்தில் பெரிய உதவியை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அதற்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார்கள். எதிரே இருப்பவன் புரிந்துகொண்டு, "அத நான் பண்றேன்" என்று தானாக முன்வர வேண்டும். அவன் வராவிட்டால், கேட்கவே இல்லை என்று இரண்டு பேரும் வைத்துக்கொள்வார்கள். யாருக்கும் மானக்கேடு இல்லை. நாங்கள் எல்லோரும் இப்படித்தான் வளர்ந்தோம், இதில் எங்களுக்கு ஒரு கௌரவம்கூட உண்டு.

நவம்பரில் ஒருநாள் தௌனோ என்னைக் காபிக்குக் கூப்பிட்டான். ஐலா ஊற்றினாள், ஏலக்காய் பன் வைத்தாள், துணி உலர்த்தப் போனாள்.

"கத்துக்கொடுக்கறவன் பக்கம் தனியா ஒரு பிரேக் பெடல் வைக்கணுமாம்," என்றான் தௌனோ.

"ஆமா, வைக்கணும்."

"எந்தக் கார்ல வேணும்னாலும் வைக்கலாமாம். உன் கார்ல கூட."

"வைக்கலாம்."

"கத்துக்கொடுக்கறவனுக்குக் கால் ஒழுங்கா இருக்கணும்."

"இருக்கணும்தான்."

அவன் கோப்பையை ஒரு சுற்றுத் திருப்பி வைத்தான். நான் ஜன்னல் பக்கம் பார்த்து, இந்த வருடம் பனி தாமதமாகிறது என்று ஆரம்பித்தேன். அவனும் பனியைப் பற்றிப் பேசினான். எனக்கு எல்லாம் புரிந்தது. எருமை மாதிரி உட்கார்ந்திருந்தேன். குளிர்காலம் முழுக்க எனக்கு வேலை, பொறுமையும் கிடையாது என்று மனதுக்குள் காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் அதுவல்ல. வாரத்துக்கு நான்கு நாள் அந்த வீட்டுக்குப் போய், தௌனோ கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதைப் பார்க்க எனக்குப் பயம். அவ்வளவு கோழை நான்.

அதனால் தௌனோவே கற்றுக்கொடுத்தான். தன் பழைய பச்சைக் காரில் தன் பக்கம் பெடல் வைத்தான், அனுமதி வாங்கினான், காரின் பின்னால், ஓட்டக் கற்பவர் வண்டி என்று காட்டும் வெள்ளை முக்கோணத்தை ஒட்டினான். அப்போது அவன் கால் இழுத்துக்கொண்டிருந்தாலும் அழுத்த முடிந்தது. டிசம்பரில் முதல் பெரிய பனி விழுந்த அன்றே ஐலா என் வீட்டு வளைவில் பள்ளத்தில் இறங்கினாள்.

"நான் பிரேக்க மிதிச்சேன். மிதிச்சா நிக்கணுமா இல்லியா? அதுக்குத்தானே அத வச்சிருக்கான்!" என்று கத்தினாள்.

"பனியில மிதிக்கக் கூடாது, தடவணும்," என்றான் உள்ளிருந்து தௌனோ.

"முப்பது வருஷமா உனக்குத் தடவத் தெரியல, எனக்குச் சொல்லித் தரியா?"

நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். தௌனோ சிரித்த சிரிப்பில் கார் கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது.

அவன் அவளுக்கு ஒரு விதி வைத்திருந்தான். "வழுக்க ஆரம்பிச்சா போக வேண்டிய இடத்தப் பாரு. மரத்தப் பாத்தா மரத்துலதான் போய் இடிப்ப. ரொம்ப பயமா இருந்தா எல்லாத்தையும் விட்டுரு. கால எடு, 'இப்போ'ன்னு சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்." அவள் 'இப்போ' என்பாள், அவன் தன் பெடலை மெல்ல அழுத்துவான், கார் பெருமூச்சு விட்டபடி நிற்கும். டிசம்பரில் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஓட்டினாள்.

ஜனவரிக் கடைசியில் ஏரிப் பனி முக்கால் முழத்துக்கு மேல் கெட்டிப்பட்டதும், நான் டிராக்டரை இறக்கி ஏரிமேல் நீள்வட்டமாக ஒரு பாதை தள்ளிக்கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. நவம்பரில் செய்யாததற்கு ஈடாக ஏதாவது செய்தாக வேண்டும் என்று எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது. ஏரிமேல் வழுக்கினால் இடிக்க ஒன்றுமில்லை. பத்து மணிக்கு வெளிச்சம் வந்ததும் அவர்கள் வருவார்கள். நான் கொஞ்சம் தள்ளிப் பனியில் துளை போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பேன். மீன் பிடிக்கிறேன் என்று பெயர், பார்த்துக்கொண்டிருந்தது அவர்களைத்தான்.

ஐலா அங்கேதான் ஓட்டக் கற்றாள். முதல் நாள் பம்பரமாகச் சுற்றினாள். நான்காம் நாள் பாதிதான் சுற்றினாள். ஒரு வாரத்தில், பின்பக்கம் விலகத் தொடங்கியதும் கிளட்சை அழுத்தி, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கொடுத்து, வண்டியை வழிக்குக் கொண்டுவந்தாள். ஓய்வு எடுக்கும்போது ஜன்னலை இறக்கி எனக்கு ஒரு பன்னை நீட்டுவாள். முகம் அடுப்பு மாதிரி சிவந்திருக்கும்.

"கேட்டியா எஸ்கோ? இன்னிக்கும் தௌனோ அவன் பெடல தொடவே இல்ல. சத்தியமா. ஒரு தடவகூட தொடல."

"ஆமா, தொடல," என்பான் தௌனோ.

"ஒன்பது நாளா தொடல!"

அந்த ஒன்பதாவது நாள்தான் நான் பார்த்தேன். அவள் காரைச் சுற்றிப் போய்ப் பின்கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தௌனோ கீழே இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டு, கதவையும் காரின் கூரையையும் பிடித்தபடி திரும்ப ஏறினான். உட்கார்ந்த பிறகு, கால்சட்டைத் துணியை முழங்கால் பக்கத்தில் கையால் பிடித்து, வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தான். அப்புறம் இடது காலை. சாமான் எடுத்து வைப்பதுபோல வைத்தான். நிமிர்ந்தபோது நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டான்.

"குளிர்ல மரத்துப் போச்சு," என்றான்.

"மைனஸ் பதினெட்டு," என்றேன் நான்.

அத்தோடு முடிந்தது பேச்சு. ஒருவன் உடம்பு அவன் விஷயம். அதில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது, இன்று நினைத்தாலும்.

பிப்ரவரிக் கடைசியில் இரண்டு நாள் மழை பெய்து, உடனே உறைந்து, அதன்மேல் நான்கு விரல்கடைப் பனி மாவு மாதிரி விழுந்தது. குளிர்காலத்தில் இதைவிடக் கேடுகெட்ட சாலை கிடையாது. ஐலாவுக்கு மார்ச் ஆறாம் தேதி ஓட்டுநர் தேர்வு என்று நாள் குறித்தாகிவிட்டது. அந்தப் பனி விழுந்த மறுநாள் தௌனோவுக்கு நகரத்தில் சிகிச்சை. அவள் ஓட்டினாள், அவன் பக்கத்தில் இருந்தான். எங்கள் மண்சாலை ஒரு சரிவில் இறங்கி நெடுஞ்சாலையைச் சந்திக்கும். அந்தச் சரிவில் மணல் தூவத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன். மேலே திரும்பும் இடத்தில் ஒதுங்கி அவர்களுக்கு வழி விட்டேன். ஐலா கையாட்டிவிட்டுப் போனாள்.

பாதிச் சரிவில் வண்டி வழுக்கத் தொடங்கியது. கீழே நெடுஞ்சாலையில் வலப்பக்கத்திலிருந்து ஒரு மரலாரி வந்துகொண்டிருந்தது. ஐலாவின் பின்விளக்கு ஒருமுறை சிவந்து அணைந்தது. அதாவது, அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டாள். 'இப்போ' என்று சொல்லியிருப்பாள் என்று எனக்கு உடனே தெரிந்தது. விளக்கு மறுபடி சிவக்கவில்லை. அவன் கால் அழுத்தாது என்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், அவனுக்கும் எனக்கும். நான் டிராக்டரில் உட்கார்ந்துகொண்டு, "மிதி, மிதி" என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

மரலாரியின் இழுவை கடந்து முடிந்த அதே நொடியில் பச்சைக் கார் நெடுஞ்சாலையைக் குறுக்காகத் தாண்டி, அந்தப் பக்கத்துப் பனிக்குவியலில் மூக்கைச் செருகி நின்றது. லாரி கிளப்பிய பனிப்புழுதியில் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. நான் ஓடினேன். அந்தச் சரிவில் இரண்டு முறை விழுந்து எழுந்து ஓடினேன்.

ஐலா இறங்கி, முழங்கால் பனியில் அவன் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். யாருக்கும் அடியில்லை.

"'இப்போ'ன்னு சொன்னேனே," என்றாள்.

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன்?"

"கால் வரல."

"எப்பலேருந்து வரல?"

அவன் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தான். "கிறிஸ்துமஸ்லேருந்து."

அவள் உதடு அசைந்தது. நாட்களைக் கூட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. "அப்ப ஏரியில? பெடல தொடவே இல்லன்னு தினமும் சொன்னியே. நான் ஊர்ல எல்லார்கிட்டயும் சொன்னேனே."

"தொடலதான். பொய் சொல்லலியே."

"அப்ப எனக்கு ஓட்ட வருதுன்னு நீ சொன்னது?"

"வருது ஐலா. உண்மையா வருது. கால் போச்சுன்னு சொன்னா நீ வண்டியவே தொட மாட்ட. எனக்கு நாள் இல்ல."

"நான் செத்தாலும் பரவால்ல," என்றாள். "உன்ன நான் கொன்னிருப்பேன் தௌனோ. என் கையால. உன்ன வீட்ல வச்சுக்கணும்னுதான் இந்தச் சனியனயே தொட்டேன்."

அவன் அழுதான். ஐம்பது வருடப் பழக்கத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை. அவள் அவன் தொப்பியைச் சரிசெய்து காதை மூடிவிட்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமா?"

ஒரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். வரவில்லை. "தெரியும். ஏரியில பாத்தேன்," என்றேன். ஆரம்பித்ததை நிறுத்த முடியாமல் அதையும் சொன்னேன். "நவம்பர்லயும் தெரியும். உனக்கு நான் கத்துக்கொடுக்கணும்னு தௌனோ கேட்டான். புரியாத மாதிரி இருந்துட்டேன்."

"புரிஞ்சுதா? புரிஞ்சுக்கிட்டே காபி குடிச்சியா? ரெண்டு கப்பு குடிச்ச எஸ்கோ. நான்தானே ஊத்தினேன்."

கையுறையைக் கழற்றி அதால் என் மார்பில் அடித்தாள். நாலைந்து அடி. கம்பளிக் கையுறை, வலிக்கவே வலிக்காது. இதற்குப் பதில் அந்த லாரியே என்மேல் ஏறியிருக்கலாம் என்று நின்றேன்.

அன்று என் காரில் அவர்களை நகரத்துக்குக் கூட்டிப்போனேன். தௌனோ டாக்டரிடம் தானே காலைப் பற்றிச் சொன்னான். அவன் லைசென்ஸ் போயிற்று, அதோடு கற்றுக்கொடுக்கும் அனுமதியும் போயிற்று. மார்ச் ஆறாம் தேதித் தேர்வும் கைவிட்டுப் போனது. மறுநாளே நான் என் பெயரில் அனுமதிக்கு எழுதிப் போட்டேன். காகிதம் வரப் பன்னிரண்டு நாள் ஆனது. அந்தப் பன்னிரண்டு நாளுக்குள், ஒரு விடியற்காலை தௌனோவுக்கு மூச்சு அடைத்தது. ஐலா எனக்குப் போன் செய்தாள். நான் அப்போது பனி தள்ளிக்கொண்டு சாலையின் மறுகோடியில் இருந்தேன், டிராக்டர் சத்தத்தில் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் ஐம்பத்தைந்து நிமிடத்தில் வந்தது. உயிர் பிழைத்தான். ஆனால் இனி வீட்டுக்கு அனுப்ப முடியாது, வீட்டில் ஓட்டுபவர் யாருமில்லையே என்று வார்டில் கட்டில் போட்டுவிட்டார்கள்.

"லைசென்ஸ் வந்துட்டா?" என்று கேட்டாளாம் ஐலா.

"அப்ப பேசலாம்," என்றார்களாம்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி அவள் மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். பெடலை என் காருக்கு மாற்றினேன். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் விறைத்துப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் வழக்கம்போலத் திட்ட ஆரம்பித்தால், "நீ பேசாம உக்காரு எஸ்கோ. பேசாம இருக்கறது உனக்கு நல்லா வருமே," என்பாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நான்கு வாரத்தில், பனியிலும் சேற்றிலும் அந்தப் பாழாய்ப்போன சரிவிலும், நான் ஒருமுறைகூட பெடலை அழுத்த வேண்டியிருக்கவில்லை. தௌனோ சொன்னது நிஜம், அவளுக்கு ஓட்ட வந்தது.

ஏப்ரல் பதினேழாம் தேதி, எல்லோரும் வசந்தம் என்று நினைத்திருந்தபோது மறுபடி பனி கொட்டியது. அந்தப் பனியில் தேர்வு எழுதி, ஓட்டி, ஒரே முறையில் தேறினாள். மறுநாள் சனிக்கிழமை. தௌனோவை வீட்டுக்கு அழைத்து வந்து சவ்னாவில் நீராவிக் குளியல் போட்டுவிடுவது என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். பச்சைக் காரின் முன்னிருக்கையில் இரண்டு தலையணை, அவன் கம்பளிப் போர்வை, மடித்த துணிகள். சவ்னாவுக்கு விறகு அடுக்கிவிட்டுத்தான் கிளம்பினாள். நான் என் காரில் பின்னாலேயே போனேன், அவனைத் தூக்கி உட்கார வைக்க ஓர் ஆள் வேண்டுமே என்று. இந்த முறை நானாகவே, "நான் வரேன்" என்று சொன்னேன்.

வார்டில் நர்ஸ் எங்களை வழியிலேயே நிறுத்தினாள். சின்னப் பெண், கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

"ஐலா, வியாழக்கிழமையிலிருந்து அவரால உக்கார முடியல. மூச்சு மெஷின் இல்லாம கால் மணி நேரம்கூட தாங்க மாட்டார். கார்ல கூட்டிட்டுப் போக முடியாது."

"நான் மெதுவா ஓட்டுவேன்," என்றாள் ஐலா.

"நீங்க எப்படி ஓட்டறீங்கங்கறது இல்ல ஐலா."

"அப்ப அடுத்த வாரம்?"

நர்ஸ் இல்லையென்று தலையை ஆட்டினாள். ஐலா லைசென்ஸைக் கையில் வைத்திருந்தாள், அங்கே காட்டவேண்டி வரும் என்று. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். கோட்டுப் பையில் போட்டாள், மறுபடி எடுத்தாள்.

அவள் கட்டிலருகே போய் அவனிடம் அதைக் காட்டினாள். தௌனோ வெகுநேரம் பார்த்தான். பேச்சு நூல் மாதிரி ஆகியிருந்தது, குனிந்தால்தான் கேட்கும்.

"போட்டோல மூஞ்சியப் பாரு. மீன் மாதிரி," என்றான். அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். "ஓட்டிக் காட்டு," என்றான்.

நர்ஸும் நானும் கட்டிலை ஜன்னலோரம் தள்ளினோம். கீழே கார் நிறுத்தும் வெளி. சனிக்கிழமை, வண்டிகள் குறைவு, பனி அப்படியே கிடந்தது. பச்சைக் கார் கிளம்பியது, பக்கத்தில் யாரும் இல்லாமல். ஒரு சுற்று மெதுவாகப் போனாள். இரண்டாவது சுற்றில் வேண்டுமென்றே வேகமெடுத்து, கோடியில் பின்பக்கத்தை வழுக்கவிட்டு, அழகாக வளைத்து நேராக்கினாள். வண்டி ஓரிடத்தில்கூடத் தயங்கவில்லை.

"கழுத," என்றான் தௌனோ. அவ்வளவு பெருமையாக அவன் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "பனி கூடுது. நேரா வீட்டுக்குப் போகச் சொல்லு. மேல வர வேண்டாம்," என்றான்.

"சொல்லிட்டுப் போகட்டும்டா."

"வந்தா போகாதன்னு சொல்லிருவேன் எஸ்கோ. அவ போகணும்."

நான் கீழே போய்ச் சொன்னேன். அவள் எஞ்சினை அணைத்தாள். இறங்கி நின்று ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கினாள், வெகுநேரம் தூக்கியபடியே நின்றாள். அவனால் பதிலுக்குத் தூக்க முடியாது, அது அவளுக்குத் தெரியும். பிறகு ஏறி ஓட்டிக்கொண்டு போனாள். நான் மேலே வந்தபோது தௌனோ காலி வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை வீட்டிலேயே வைத்துக்கொள்ளத்தான் அவள் ஓட்டக் கற்றாள், அவனை அங்கே விட்டுவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போகத்தான் அது உதவியது. அவனும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவன் ஏழு வாரம் இருந்தான். அவள் ஒருநாள் விடாமல் போய் வந்தாள். அதைச் சொல்லி ஊரே அவளைப் பாராட்டியது. எனக்கு மறக்காதது அந்த முதல் நாள்தான்.

வார்டிலிருந்து நான் கிளம்பி ஊர் வந்தபோது மணி ஏழு, இன்னும் நல்ல வெளிச்சம். அவர்கள் வீட்டு முற்றத்தில் பச்சைக் கார் கோணாமல் நேராக நின்றது. ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது, இருக்கையில் பனி விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. நான் பழைய ஆளாக இருந்தால், அவளாகக் கூப்பிடட்டும் என்று போயிருப்பேன். வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன்.

வாசலில் அவள் பூட்ஸ் இல்லை. எங்கள் வீடுகளில் யாரும் பூட்ஸோடு உள்ளே போக மாட்டார்கள், வீடு பற்றி எரிந்தாலும் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். ஈரத் தடம் சமையலறையைத் தாண்டிப் படுக்கையறை வரை போயிருந்தது. ஐலா கோட்டோடும் பூட்ஸோடும் அந்த அறை வாசலில், வெறும் கட்டிலைப் பார்த்தபடி நின்றாள். பூட்ஸைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தது.

"ஒரு தடவகூட வழுக்கல எஸ்கோ," என்றாள், திரும்பாமலே. "முப்பத்தெட்டு கிலோமீட்டர். அந்தச் சரிவுலகூட வழுக்கல. வண்டிய நிறுத்தினதும், தௌனோகிட்ட சொல்லணும்னு உள்ள ஓடி வந்துட்டேன்."